ஆர்.சி. கார் ஈ.எஸ்.சி.க்கு ஹீட்சிங்க் கேஸ்: மாஸ்ஃபெட்டின் முதுகிலிருந்து தொடங்குங்கள்

ரிமோட் காரில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. சூடாகி வண்டி ஓட்டத்தின் நடுவே நின்றுவிட்டால் உடனே கை போவது பெரிய ஃபேன் பக்கம். அடுத்து உயரமான ஃபின், அதாவது சூட்டைக் காற்றில் விடும் அலுமினிய இதழ்கள். ஆனால் கம்பெனி கேஸைக் கழற்றிப் பார்த்தால் பல நேரம் கோளாறு வேறிடத்தில் இருக்கும். மாஸ்ஃபெட்டுகளுக்கும் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச் சில்லுகள்) அலுமினியத்துக்கும் நடுவே 2 மி.மீ. தடிப்பில் மாவாக உதிரும் ஒரு மலிவான பேட், அதாவது சூட்டைக் கடத்தும் மெத்தைத் தாள். அதிலும் பாதி மாஸ்ஃபெட்டுகளின் தடம்தான் பதிந்திருக்கும். மீதிப் பாதி பேட்டைச் சரியாகத் தொடவே இல்லை. அப்படி இருக்கும்போது மேலே எத்தனை ஃபேன் சுழன்றாலும் குளிர்வது அலுமினியம் மட்டும்தான்.

அதனால் ஹீட்சிங்க் கேஸை அடியிலிருந்து மேல்நோக்கி வரைய வேண்டும். மாஸ்ஃபெட்டின் முதுகு, பேட், அலுமினிய அடித்தகடு, ஃபின், காற்று என்ற வரிசையில் சூடு நகர்கிறது. வரைபடமும் அதே வரிசையில் வளரட்டும்.

இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் உதாரணம் 1/10 அளவு வண்டியில் வரும் 2எஸ் (இரண்டு செல் பேட்டரி), 60 ஆம்பியர் பிரஷ்லெஸ் ஈ.எஸ்.சி. பலகை 32 × 28 மி.மீ. மேல் பக்கம் 5 × 6 மி.மீ. அளவில் 12 மாஸ்ஃபெட்டுகள். உங்கள் பலகை வேறாக இருந்தால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் வழி ஒன்றுதான்.

முதலில் கியரைப் பாருங்கள்

மோட்டாரும் ஈ.எஸ்.சி.யும் சேர்ந்து கொதித்தால் குற்றவாளி பெரும்பாலும் பினியன்தான், அதாவது மோட்டார் அச்சிலுள்ள சின்னப் பல்சக்கரம். இரண்டு பல் குறைத்து ஓட்டிப் பாருங்கள். மோட்டார் மிதமாகவும் ஈ.எஸ்.சி. மட்டும் சூடாகவும் இருந்தால்தான் புது கேஸ் செய்வதில் பொருள் உண்டு. சக்கரத்தைத் திருப்பும் செர்வோ பெரிதாகப் போட்டிருந்தால், அதற்கு மின்சாரம் தரும் பி.இ.சி.யையும் சந்தேகப்படுங்கள். லீனியர் வகை பி.இ.சி. என்றால் 8.4 வோல்ட்டை 6 ஆக்க ஒவ்வொரு ஆம்பியருக்கும் 2.4 வாட்டைச் சூடாகவே கொட்டும். தனி ஸ்விட்சிங் பி.இ.சி. போட்டாலே பிரச்சினை தீர்ந்துவிடும் வண்டிகளும் இருக்கின்றன.

எத்தனை வாட்டைச் சமாளிக்க வேண்டும்

இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், சார்ஜர் போதும். ஓட்டம் முடிந்து சார்ஜ் போடும்போது எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். 8 நிமிட ஓட்டத்துக்கு 3000 மில்லி ஆம்பியர்-மணி ஏறியிருந்தால் சராசரி மின்னோட்டம் 22.5 ஆம்பியர். 7.4 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 166 வாட். இதில் 5 விழுக்காடு ஈ.எஸ்.சி.யிலேயே தங்கிச் சூடாகிறது என்று வைத்தால் 8 வாட்.

இந்த 5 விழுக்காடு ஒரு தோராயம்தான். இன்னொரு பக்கமிருந்தும் சரிபார்க்கலாம். ஓட்டத்தில் மின்னோட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மாஸ்ஃபெட்டில் எழும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதற்காக 22.5ஐ 1.4ஆல் பெருக்கி 31 ஆம்பியர் என்று கொள்வோம். எந்த நொடியிலும் மின்னோட்டம் மேல்பக்க மாஸ்ஃபெட் கூட்டம் ஒன்று, கீழ்பக்கக் கூட்டம் ஒன்று என இரண்டைக் கடக்கிறது. சூடான நிலையில் ஒவ்வொன்றுக்கும் 2 மில்லி ஓம் என்றால் 31 × 31 × 0.004, அதாவது 3.8 வாட். ஸ்விட்சிங் இழப்புக்கு 2 முதல் 3 வாட், பி.இ.சி.க்கு 1 முதல் 2 வாட் சேர்த்தால் மறுபடியும் 8 வாட் பக்கம்தான் வந்து நிற்கிறது.

"சூடான நிலையில்" என்ற சொல்லைக் கவனியுங்கள். மாஸ்ஃபெட்டின் தடை 25 டிகிரியில் இருப்பதைவிட 125 டிகிரியில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிடும். சூடு ஏற ஏறத் தடை ஏறும், தடை ஏறினால் சூடு இன்னும் ஏறும். ஐந்தாவது நிமிடம் வரை ஒழுங்காக ஓடிய வண்டி ஆறாவது நிமிடத்தில் திடீரென்று கட்-ஆஃப் ஆவதில் இந்தச் சுழலுக்குப் பங்கு உண்டு. இன்னொன்று: முழு த்ராட்டிலைவிடப் பாதி த்ராட்டில்தான் ஈ.எஸ்.சி.யை அதிகம் வாட்டும். முழு த்ராட்டிலில் வேகத்தைக் குறைப்பதற்கான ஸ்விட்சிங் இருக்காது. பாதியில் அது இருப்பதோடு, மோட்டாரில் ஓடும் மின்னோட்டம் பேட்டரி மின்னோட்டத்தைவிடக் கூடுதலாகவும் இருக்கும். புல்தரையில் மெதுவாக ஏறி இறங்கும் வண்டிக்கு இதையும் மனத்தில் வைத்து வாட்டைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இனி வெப்பநிலை. வெளியே 38 டிகிரி என்றால் பாடி ஷெல்லுக்குள் 45 என்று கொள்ளலாம். மாஸ்ஃபெட்டின் முதுகு 80 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று இலக்கு வைப்போம். உள்ளே சிலிக்கான் இதைவிட 10, 20 டிகிரி கூடுதலாகத்தான் இருக்கும். நமக்குக் கிடைப்பது 35 டிகிரி இடைவெளி. 35ஐ 8ஆல் வகுத்தால் ஒரு வாட்டுக்கு 4.4 டிகிரி. மொத்தப் பட்ஜெட் இவ்வளவுதான். பேட், ஃபின், காற்று எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

கழற்றுவதும் படிப்பதும்

பேட்டரியைப் பிரித்த பிறகும் உள்ளீட்டுக் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும். 100 ஓம், 1 வாட் ரெசிஸ்டரை பேட்டரி கனெக்டரின் இரு முனையிலும் சில விநாடி வைத்து இறக்குங்கள். பிறகு ஸ்க்ரூ. உள்ளே முழுவதும் கறுப்பு எப்பாக்ஸி ஊற்றிக் கெட்டியாக்கியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வாட்டர்ப்ரூஃப் என்று விற்கும் பலவும் இப்படித்தான் இருக்கும். எப்பாக்ஸியைச் சுரண்டினால் சின்ன உதிரிகள் பெயர்ந்து வரும். அந்த வகைக்கு வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கும் ஹீட்சிங்க்தான் வழி.

பலகை வெளியே வந்ததும் மாஸ்ஃபெட்டின் முதுகைப் பாருங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் என்றால் டிரெயின் (மாஸ்ஃபெட்டின் மின்முனைகளில் ஒன்று) உலோகம் கீழே, பலகைப் பக்கம் இருக்கிறது. சூட்டின் பெரும்பகுதி பலகையின் செம்புக்குத்தான் முதலில் போகும். அந்தப் பலகையின் பின்பக்கம் உதிரிகள் இல்லாமல் வெறுமையாக இருந்தால், பின்பக்கத்திலும் ஒரு பேட்டும் 2 மி.மீ. அலுமினியத் தகடும் வைப்பது நல்ல பலன் தரும். முதுகு வெள்ளி நிறத்தில் மின்னினால் எச்சரிக்கை: அந்த உலோகமே டிரெயின். மேல்பக்க மாஸ்ஃபெட்டின் டிரெயின் பேட்டரி பாசிட்டிவ். கீழ்பக்க மாஸ்ஃபெட்டின் டிரெயின் மோட்டார் ஒயர். அலுமினியம் இந்த இரண்டை ஒன்றாகத் தொட்டால் லைப்போ பேட்டரி முழு பலத்தோடு ஷார்ட் ஆகும்.

அளவெடுத்தல்

வெர்னியரால் ஒவ்வொரு உதிரியின் உயரத்தையும் அளந்து எழுதுங்கள். எல்லா உயரத்துக்கும் பலகையின் மேற்பரப்பையே பூஜ்யமாக வையுங்கள், அடிப்பரப்பை வைக்காதீர்கள். 1.6 மி.மீ. பலகை 10 விழுக்காடு கூடவோ குறையவோ வருவது சகஜம். அடியிலிருந்து அளந்தால் அந்த 0.16 மி.மீ. பிழை நேராகப் பேட்டின் இடைவெளியில் வந்து விழும். அங்கே நாம் வேலை செய்வதே 0.7 மி.மீ.க்குள்.

மேலிருந்து பார்த்த இடவமைப்புக்கு, பலகைக்குப் பக்கத்தில், பலகை மட்டத்திலேயே ஸ்டீல் ஸ்கேலை வைத்து ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று ஜூம் போட்டுப் படம் எடுங்கள். கிட்டப் போய் எடுத்தால் உயரமான கெப்பாசிட்டர் வெளிப்பக்கம் சாய்ந்ததுபோல் தெரியும், அளவு கெடும். படத்தை ஃபியூஷன், ஃப்ரீகேட் போன்ற வரைபட மென்பொருளில் அடியில் விரித்து, ஸ்கேலை வைத்து அளவைச் சரிசெய்து, மேலே வரையலாம்.

உதாரணப் பலகையில் மாஸ்ஃபெட் உயரம் 1.0 மி.மீ., அதே பக்கத்தில் உயரமான உதிரி 2.5 மி.மீ. உயரமான உதிரிக்கு மேல் 1 மி.மீ. காலி விட வேண்டும். ஆக அடித்தகட்டின் கீழ்ப்பரப்பு பலகையிலிருந்து 3.5 மி.மீ. உயரத்தில் நிற்கும். அங்கிருந்து மாஸ்ஃபெட்டுகளை நோக்கி ஒரு மேடை கீழிறங்கி வர வேண்டும். பேட்டுக்கு 0.7 மி.மீ. விட்டால் மேடையின் உயரம் 3.5 − 1.0 − 0.7 = 1.8 மி.மீ. மேடை மாஸ்ஃபெட் கூட்டத்தின் விளிம்பைவிட நாலாபக்கமும் அரை மி.மீ. பெரிதாக இருக்கட்டும். நடுவில் செராமிக் கெப்பாசிட்டர் நின்றால் அதற்கு மேல் மேடையில் ஒரு குழி வெட்டிவிடுங்கள்.

பேட்: மொத்த வேலையின் உயிர்நாடி

12 மாஸ்ஃபெட்டின் முதுகுப் பரப்பு 360 சதுர மி.மீ. சூடு உண்மையில் கடப்பது இந்தப் பரப்பை மட்டும்தான். மேடை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை. இதன் மேல் 1 மி.மீ. தடிப்பு, 6 வாட்/மீ.கெல்வின் கடத்துதிறன் உள்ள பேட் வைத்தால் ஒரு வாட்டுக்கு 0.46 டிகிரி, 8 வாட்டுக்கு 3.7 டிகிரி. அதே இடத்தில் 2 மி.மீ. தடிப்பு, 1.5 கடத்துதிறன் உள்ள பேட் என்றால் ஒரு வாட்டுக்கு 3.7 டிகிரி, 8 வாட்டுக்கு 30 டிகிரி. நம்மிடம் இருந்த மொத்த இடைவெளியே 35 டிகிரிதான். இந்த ஒரு பேட் அதைக் கிட்டத்தட்ட முழுதாக விழுங்கிவிடுகிறது. கேஸ் செய்யவே வேண்டாம், பேட்டை மாற்றினாலே போதும் என்று சில ஈ.எஸ்.சி.களுக்குச் சொல்வது இதனால்தான்.

பேட்டுக்குப் பதில் காப்டன் என்ற சூடு தாங்கும் மின்காப்பு டேப் ஒட்டி, சூடு கடத்தும் பேஸ்ட் தடவுவோரும் உண்டு. டேப்பும் பசையும் சேர்ந்து 0.06 மி.மீ. என்றாலும் கடத்துதிறன் 0.12தான். கணக்குப் போட்டால் 8 வாட்டுக்கு 11 டிகிரி. நல்ல 1 மி.மீ. பேட்டைவிட மோசம்! அதோடு மாஸ்ஃபெட்டுகளின் உயரம் ஒன்றுக்கொன்று 0.1 மி.மீ. மாறினால் டேப் அதை ஈடுகட்டாது.

பேட் 25 முதல் 30 விழுக்காடு அழுந்த வேண்டும், 1.0 மி.மீ. பேட் 0.7 இடைவெளியில் என்றால் சரி. அழுத்தம் குறைந்தால் காற்று தங்கும். "இன்னும் கொஞ்சம் தடிப்பாகப் போட்டால் நன்றாக அழுந்தும்" என்று 1.5 மி.மீ. பேட்டை அதே இடைவெளியில் திணிப்பது அதைவிட ஆபத்து. பலகை வில்லாக வளையும், பலகையோடு சோல்டர் ஆகியிருக்கும் செராமிக் கெப்பாசிட்டர் உள்ளுக்குள் விரிசல் விடும். விரிசல் கண்ணுக்குத் தெரியாது, அன்றைக்கு வண்டியும் ஓடும். பல வாரம் கழித்து ஏதோ ஒரு நாள் பேட்டரியைச் சொருகும்போது அந்தக் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகிப் புகையும். காரணம் பேட் என்று யாருக்கும் தோன்றாது. கடத்துதிறன் கூடிய பேட்டுகள் பெரும்பாலும் கெட்டியாக இருக்கும்; மெல்லிய பலகைக்குக் கடத்துதிறன் 6 உள்ள மென்மையான வகையே மேல். உறையில் 12, 15 என்று அச்சடித்த மலிவு பேட்டுகளின் எண்ணைப் பாதியாக்கிக் கணக்கில் எடுங்கள்.

உலோக முதுகு மாஸ்ஃபெட் என்றால் பேட்தான் ஒரே மின்காப்பு. அலுமினியத்தில் ஒரு முடியளவு பிசிறு இருந்தாலும் பேட்டைத் துளைத்துக்கொண்டு இறங்கும். மேடையின் எல்லா விளிம்பையும் 0.3 மி.மீ. சாம்ஃபர் (சாய்வாகச் சீவுதல்) செய்யச் சொல்லி வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள்.

அடித்தகடும் ஃபின்னும்

பலகைக்கு நாலாபக்கமும் 0.5 மி.மீ. இடம், 1.5 மி.மீ. சுவர் என்று வைத்தால் வெளி அளவு 36 × 32 மி.மீ. அடித்தகடு 4 மி.மீ. சுவர் கீழே 8 மி.மீ. இறங்கட்டும்: 3.5 மேலே, 1.6 பலகை, மீதி 2.9 அடிப்பக்க உதிரிகளுக்கு. அடித்தகட்டை 2 மி.மீ. ஆக்கி எடை குறைக்க ஆசை வரும். வேண்டாம். இந்த வடிவம் 6061 அலுமினியத்தில் சுமார் 27 கிராம்; அதை 1 டிகிரி சூடாக்க 24 ஜூல் வேண்டும். வளைவிலிருந்து வெளியேறும் பத்து விநாடியில் 20 வாட் பாய்ந்தால்கூட 8 டிகிரிதான் ஏறும். ஃபின் நிதானமாக வேலை செய்ய நேரம் வாங்கித் தருவது அந்தத் தடிமன்தான்.

ஃபின்கள் 9 மி.மீ. உயரம், 1.2 மி.மீ. தடிப்பு. சூட்டுக் கணக்குப்படி 0.8 தடிப்பே போதும், ஃபின்னின் நுனி வரை வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். 1.2 வைப்பது, வெட்டும்போது அதிராமல் நிற்கவும் வண்டி தலைகீழாகக் கவிழ்ந்தால் மடங்காமல் இருக்கவும்.

ஃபின்களை நீளவாக்கில் விடாமல், 32 மி.மீ. அகலவாக்கில் விடுங்கள். ஒயர்களும் கெப்பாசிட்டரும் நீளத்தின் இரு முனைகளில் இருக்கின்றன. ஃபேன் மேலிருந்து ஊதும் காற்று பக்கவாட்டில் வெளியேறினால் அந்தச் சூடு கெப்பாசிட்டர் மேல் படாது. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் 10 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

ஃபின் இடைவெளியை ஃபேனின் ஸ்க்ரூ துளையோடு சேர்த்து முடிவு செய்தால் ஒரு வசதி கிடைக்கும். 30 மி.மீ. ஃபேனின் துளைகளுக்கு நடுவே 24 மி.மீ. 24ஐ 7ஆல் வகுத்தால் 3.43. ஃபின்னுக்கு ஃபின் 3.43 மி.மீ. என்று 11 ஃபின் வைத்தால் மொத்தம் 35.5 மி.மீ., நம் 36க்குள் அடங்கிவிடும். நடு ஃபின்னிலிருந்து இரு பக்கமும் நான்காவது சந்துகளின் மையங்களுக்கு இடையே சரியாக 24 மி.மீ. சந்தின் அகலம் 2.23 மி.மீ. அதில் 2.6 மி.மீ. தானே மறை வெட்டிக்கொள்ளும் ஸ்க்ரூ நேராக இறுகும். தனித் தூண் வேண்டாம், முன்கூட்டி மறை வெட்டவும் வேண்டாம். 11 என்பதை 10 ஆக்கினால் சந்துகள் அரைப் படி நகர்ந்து ஃபேன் மையம் தவறிவிடும், கவனம்.

இப்போது பரப்பைக் கூட்டுவோம். ஃபின் பக்கங்கள் 6336 சதுர மி.மீ., நுனிகளும் சந்துகளின் அடியும் சேர்த்து 1152, வெளிச் சுவர் 1632. மொத்தம் சுமார் 91 சதுர செ.மீ. சின்ன ஃபேன் ஊதும்போது ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 30 வாட் வெளியேறும் என்று கொண்டால், ஒரு வாட்டுக்கு 3.7 டிகிரி, 8 வாட்டுக்கு 29. பேட்டின் 3.7ஐயும் பாடிக்குள் இருக்கும் 45ஐயும் கூட்டினால் 78 டிகிரி. இலக்குக்குள் வந்துவிட்டது. ஃபேன் இல்லாமல் அதே கணக்கைப் போட்டால் 30க்குப் பதில் 10; 136 டிகிரிக்குப் போய் நிற்கும். ஃபேன் இல்லாத கேஸ்தான் வேண்டும் என்றால் சந்து 5, 6 மி.மீ. இருக்க வேண்டும். பரப்பும் மூன்று மடங்காவது வேண்டும். 1/10 வண்டியில் அதற்கு இடமிருக்காது.

ஃபேனின் அடிக்கும் ஃபின் நுனிக்கும் நடுவே 2 மி.மீ. ஸ்பேசர் வையுங்கள். ஃபேனின் நடுவிலுள்ள மோட்டார் பாகத்துக்குக் கீழே காற்று செல்லாத ஒரு வட்டம் இருக்கும். மேடை பெரும்பாலும் அதற்கு நேர் கீழேதான் வரும். கொஞ்சம் உயர்த்தினால் காற்று உள்நோக்கிப் பரவும், இரைச்சலும் குறையும். காற்று ஃபின்னை நோக்கி ஊத வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம் காற்று வெளிவரும் பக்கம், அது ஃபின்னைப் பார்க்கட்டும். 5 வோல்ட் ஃபேனை 7.4 வோல்ட் பி.இ.சி.யில் சொருகினால் சில நாள் அபாரமாக ஊதிவிட்டுச் செத்துப்போகும். லேபிளைப் படித்து வாங்குங்கள்.

அடித்தட்டும் ஒயர் வழியும்

கீழே வரும் தட்டு பிளாஸ்டிக்கே போதும். பி.எல்.ஏ. 60 டிகிரியில் இளகத் தொடங்கும், வண்டியை வெயிலில் நிறுத்தினாலே வளையும். பி.இ.டி.ஜி. 80 பக்கம், நம் இலக்கே 80 என்பதால் அதுவும் போதாது. ஏ.பி.எஸ். அல்லது ஏ.எஸ்.ஏ. போடுங்கள். தட்டிலிருந்து நாலு மூலையிலும் சின்னத் தூண்கள் எழுந்து பலகையை மேலே தள்ள வேண்டும். அலுமினியத்தில் அதற்கு நேராக உள்ள படிக்கட்டு பலகையின் மேற்பரப்பில் உட்கார வேண்டும். அப்போதுதான் பலகை எவ்வளவு தடித்தாலும் 0.7 மி.மீ. இடைவெளி மாறாது. படிக்கட்டு தொடும் இடத்தில் செம்புத் தடம் எதுவும் ஓடக் கூடாது. பலகையின் மூலையில் துளை இல்லாவிட்டால் கேஸின் வெளிப்பக்கம் காது வைத்து எம்2 ஸ்க்ரூ போடுங்கள். அலுமினியத்தில் 1.6 மி.மீ. துளையிட்டு எம்2 மறை வெட்ட வேண்டும். மறை குறைந்தது 4 மி.மீ. ஆழம் இருக்கட்டும்.

12 கேஜ் சிலிக்கான் ஒயரின் வெளி விட்டம் 4.5 மி.மீ. பக்கம் இருக்கும். ஒயர் வெளியேறும் வாயை 5 மி.மீ. ஆக்கி விளிம்பை 1 மி.மீ. உருட்டிவிடுங்கள். கெப்பாசிட்டரைக் கேஸுக்கு வெளியே வையுங்கள், ஆனால் அதன் கால்களை நீட்டாதீர்கள். கால் நீண்டால் வோல்ட்டேஜ் துள்ளல் கூடி மாஸ்ஃபெட்டே போகும்.

வெட்டுவதற்கு முன்

அலுமினியத்துக்குப் பணம் கொடுப்பதற்கு முன் ஹீட்சிங்க் முழுவதையும் ஒருமுறை பி.எல்.ஏ.யில் பிரிண்ட் போடுங்கள். மாஸ்ஃபெட்டுகளின் மேல் சமையலறை கிளிங் ஃபிலிமை விரித்து, அதன் மேல் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைப் பட்டாணி அளவு ஐந்தாறு உருண்டையாக வையுங்கள். பிரிண்ட் கேஸை மூடி ஸ்க்ரூவை முடுக்கித் திறந்தால் உருண்டைகள் அப்பளமாக நசுங்கியிருக்கும். ஒவ்வொன்றும் எவ்வளவு தடிப்பு என்று வெர்னியரால் லேசாக அளந்தால் அந்த இடத்தின் உண்மையான பேட் இடைவெளி தெரிந்துவிடும். ஒரு மூலையில் 0.5, மறு மூலையில் 1.1 என்று வந்தால் மேடை சாய்ந்திருக்கிறது அல்லது ஏதோ உதிரி இடிக்கிறது. இதை இப்போதே கண்டுபிடிப்பது லாபம்.

பட்டறைக்கு 3டி வரைபடத்தின் ஸ்டெப் கோப்பும், அளவு எழுதிய தாளும் கொடுங்கள். எஸ்.டி.எல். கோப்பை மில்லிங் ஆட்கள் விரும்புவதில்லை. தாளில் கட்டாயம் வர வேண்டியவை: 6061-டி6, மேடையின் சமதளம் 0.05 மி.மீ.க்குள், மேடை முகத்துக்கும் படிக்கட்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் 1.7 மி.மீ. என்றும் அதற்கு ±0.05 என்றும். இந்த 1.7 என்பது மாஸ்ஃபெட்டின் 1.0, பேட்டின் 0.7 இரண்டும் சேர்ந்தது. கேஸில் கறாராகக் கேட்க வேண்டிய ஒரே அளவு இதுதான். மற்ற இடங்களுக்கு ±0.2 போதும். எல்லாவற்றுக்கும் 0.05 கேட்டால் விலை ஏறுமே தவிர வேறு பயனில்லை. உள் மூலைகளில் 1.5 மி.மீ. ஆரம் கொடுங்கள், 3 மி.மீ. கட்டர் சதுர மூலை வெட்டாது. பலகையின் மூலை அங்கே இடித்தால் மூலையை வெளிப்பக்கம் சற்றுக் குடைந்துவிடுங்கள். 9 மி.மீ. ஆழச் சந்துக்கு 2 மி.மீ. விட்டமுள்ள நீளமான கட்டர் வேண்டும், உடையவும் வாய்ப்புண்டு. அதனால் அம்பத்தூரிலோ கோயம்புத்தூரிலோ ஒற்றைப் பீஸ் எடுத்துச் செய்யும் பட்டறையில் விலை அதிகமாகச் சொன்னால் ஆச்சரியப்பட வேண்டாம். ஸ்லிட்டிங் சா (வட்டமான மெல்லிய அறுப்புத் தகடு) இருக்கிறதா என்று கேளுங்கள், இந்த மாதிரி நேர்ச் சந்துக்கு அதுவே விரைவு.

பணம் குறைவு என்றால் ரிச்சி தெருவில் பழைய கம்ப்யூட்டர் போர்டிலிருந்து கழற்றிய எக்ஸ்ட்ரூடட் ஹீட்சிங்க் வாங்கி ஹாக்ஸாவால் அறுத்து அரத்தால் தேய்க்கலாம். மேடைக்குத் தனியாக 1.8 மி.மீ. தகட்டைப் பேஸ்ட் தடவி நாலு ஸ்க்ரூவால் இறுக்குங்கள். பிறகு கண்ணாடித் தகட்டின் மேல் 400, 600, 1000 நம்பர் உப்புத்தாளை வரிசையாக வைத்து மேடை முகத்தை எட்டுப் போடுவதுபோல் தேய்த்துச் சமமாக்குங்கள். அலுமினியத் தூள் ஒரு துளிகூடப் பலகைக்குப் பக்கத்தில் போகக் கூடாது. சோப்பு நீரில் கழுவி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்ட பிறகே பூட்டுங்கள்.

அனோடைஸ் (அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் வளர்ப்பது) செய்தால் நல்லது. எந்த நிறமானாலும் பலன் ஒன்றுதான். ஃபேன் ஊதும் கேஸில் நிறத்தால் குளிர்ச்சி கூடுவது சொற்பம். அனோடைஸ் படலத்தை மின்காப்பாக நம்ப வேண்டாம், ஒரு கீறலில் போய்விடும்.

பூட்டி, மின்சாரம் கொடுத்தல்

பேட்டின் இரு பக்கப் படலத்தையும் உரித்தோமா என்று பாருங்கள். நிறம் இல்லாத படலம் ஒரு பக்கம் ஒட்டியபடியே இருந்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகக் கால் சுற்றுக் கால் சுற்றாக முடுக்குங்கள். முடிந்ததும் மல்டிமீட்டரை ஓம் வரிசையில் வைத்து அலுமினியத்திலிருந்து பேட்டரி பாசிட்டிவ், நெகட்டிவ், மூன்று மோட்டார் ஒயர் என ஐந்தையும் தொட்டுப் பாருங்கள். கேஸை அனோடைஸ் செய்திருந்தால் மீட்டர் முனையைப் படலம் இல்லாத வெறும் உலோகத்தில் வையுங்கள். படலத்தின் மேல் வைத்தால் ஷார்ட் இருந்தாலும் மீட்டர் திறந்த சுற்று என்றே காட்டும். ஐந்தில் ஒன்றுகூட எதையும் காட்டக் கூடாது.

முதல் இணைப்பை நேராக லைப்போவில் கொடுக்காதீர்கள். பாசிட்டிவ் ஒயரில் 12 வோல்ட், 21 வாட் பைக் இண்டிகேட்டர் பல்பைத் தொடராகப் போட்டுச் சொருகுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தால் கெப்பாசிட்டர் நிறைந்தது, எல்லாம் சரி. விடாமல் எரிந்தால் எங்கோ ஷார்ட், உடனே பிடுங்கிவிடுங்கள். மாஸ்ஃபெட்டுகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

ஓட்டிப் பார்த்தல்

ஸ்டாண்டில் சக்கரத்தைச் சுழற்றுவது சோதனையாகாது, அங்கே லோடே இல்லை. தடத்தில் வழக்கம்போல் 5 நிமிடம் ஓட்டி, நிறுத்தியவுடன் அளவிடுங்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைப் பளபளப்பான அலுமினியத்தில் காட்டினால் 30, 40 டிகிரி குறைவாகக்கூடச் சொல்லும். ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் காட்டுங்கள். பாடிக்குள் காற்றின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். முக்கியம் அந்த வித்தியாசம்தான். ஜனவரிக் காலை 24 டிகிரியில் கேஸ் 60 காட்டினால், மே மாத 40 டிகிரியில் 76ஐத் தாண்டும், மாஸ்ஃபெட் தடை கூடுவதால் இன்னும் சற்று மேலேயே போகும்.

அளந்த எண்ணே கோளாறையும் காட்டிக்கொடுக்கும். ஈ.எஸ்.சி.யின் சொந்த சென்சார் 100 காட்டி, அலுமினியம் வெறும் 50 என்றால் பேட் சரியாகத் தொடவில்லை. திறந்து தடத்தைப் பாருங்கள், 12 மாஸ்ஃபெட்டின் சதுரமும் ஒரே ஆழத்தில் பதிந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே உயர்ந்தால் காற்று போதவில்லை. பெரும்பாலும் பாடி ஷெல்லில் சூடான காற்று வெளியேற வழி இருக்காது, அதே காற்றை ஃபேன் திரும்பத் திரும்பச் சுழற்றிக்கொண்டிருக்கும். பின் கண்ணாடியில் 40 மி.மீ. அளவுக்கு ஒரு வாய் வெட்டிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

செம்மண் தடத்தில் ஓட்டுவோர் நாலைந்து ஓட்டத்துக்கு ஒருமுறை சந்துகளை மென்மையான பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். காற்றழுத்தத்தால் ஊதுவதானால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், இல்லையென்றால் தாறுமாறாகச் சுழன்று பேரிங் கெடும். கேஸை எப்போது திறந்தாலும் பேட்டைப் புதிதாக மாற்றிவிடுங்கள். ஒருமுறை அழுந்திய பேட் மறுபடி அதே இடத்தில் உட்காராது.